அலிகேட்ஸ்: எந்தப் பாட்டுக்கு முதலிடம்?

அலிகேட்ஸ், மலேசியாவின் பினாங்கில் 1960களின் இறுதியில் உருவான இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் இதன் முன்னணிப் பாடகர்கள். தமிழர் முன்நின்ற குழு என்றாலும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தவை மலாய் மொழிப் பாடல்கள். பந்துபோல் சுருண்டு நின்ற தலைமுடி ஒருபக்கம், நெஞ்சைக் கரைக்கும் காதல் மெட்டு மறுபக்கம் என 1980களின் மலேசிய மேடையில் இவர்களைத் தெரியாதவர் குறைவு. இக்குழுவின் பாடல்களில் சிறந்தது எது என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முதலிடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

பின்னணி

கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் 1961இல் சிங்கப்பூருக்கு வந்து பாடிவிட்டுப் போனபின், மலாயா இளைஞர்களிடையே மின்கித்தார் மோகம் பரவியது. ஊருக்கு ஊர் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. இவற்றை மலாயில் ‘குகிரான்’ என்பார்கள். ‘துள்ளலான கித்தார்க் குழு’ என்ற பொருள் தரும் மூன்று மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. அந்தக் காலத்து இசைக்கு ‘பாப் யே யே’ என்று பெயர். அந்த அலை ஓயத் தொடங்கிய நேரத்தில் புறப்பட்ட குழு அலிகேட்ஸ். தொடக்கத்தில் மேடைகளில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிவந்த அண்ணன் தம்பிகள், மலாய் இசைத்தட்டுகளின் பக்கம் திரும்பியதும் நாடறிந்த பாடகர்களாயினர்.

நடுவர் கொடுத்த முதலிடம்

மலேசியாவின் முதல் தனியார் தொலைக்காட்சியான டிவி3 ஒளிபரப்பைத் தொடங்கியது 1984இல். இரண்டே ஆண்டில், 1986இல், அது ‘அனுகெரா ஜுவாரா லாகு’ என்ற பாடல் போட்டியை நடத்தியது. ‘பாட்டு வாகையர் விருது’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆண்டு முழுக்க வெளிவந்த மலாய்ப் பாடல்களைச் சலித்தெடுத்து, இறுதிச் சுற்றில் நடுவர் குழு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பது நடைமுறை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பெயர் சொல்வதுபோலவே இது பாட்டுக்கான விருது. கோப்பை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் போகும். மேடையில் பாடிக் காட்டும் திறனுக்கு வேறு பரிசு.

அந்த முதல் போட்டியில் வாகை சூடியது அலிகேட்ஸ் பாடிய ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி’. மெட்டு எம். நாசிர், வரிகள் எஸ். அமீன் ஷஹாப். சிங்கப்பூரில் 1957இல் பிறந்த எம். நாசிர், ‘கெம்பாரா’ குழுவின் வழியாக மேலே வந்து மலாய் இசையின் பெரும் பெயர்களில் ஒன்றானவர். 1994இல் ‘தாஞ்ஞா சாமா இது ஹுட்-ஹுட்’ பாடலுக்கு அதே விருதை மறுபடியும் வென்றார்.

பாட்டின் தலைப்பிலேயே ஓர் அழகு இருக்கிறது. ‘ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை’ என்பது அதன் பொருள். தமிழில் பூவுக்கும் ‘ஒரு’தான், கவிதைக்கும் ‘ஒரு’தான். மலாயில் எண்ணப்படும் பொருளுக்கு ஏற்ப எண்ணுச்சொல் மாறும். மலருக்குச் ‘செகுந்தும்’, கவிதைக்குச் ‘செபுவா’. இரண்டு ‘ஒன்று’களும் வெவ்வேறு ஓசையில் வந்து தலைப்புக்குத் தாளம் கட்டிவிடுகின்றன.

ஊர் கொடுத்த முதலிடம்

விருதை ஒதுக்கிவிட்டு, எந்தப் பாட்டு ஊரோடு ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் ‘செஞ்ஞும்லா கோலாலம்பூர்’ முன்னால் வந்துவிடும். ‘செஞ்ஞும்’ என்றால் புன்னகை. கடைசியில் நிற்கும் ‘லா’ மலேசியத் தமிழர் வாயிலும் புழங்கும் அதே ‘லா’தான், கட்டளையின் முனையை மழுக்கி, ‘சிரியேன்’ என்று கேட்பதாக்கிவிடும். தலைநகரைப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டுக்குத் தனி ஆயுள் உண்டு. அந்நகரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்துவிடும்.

நினைவு கொடுத்த முதலிடம்

மூன்றாவது அளவுகோல் நினைவு. லோகநாதன் 2007 ஜூனில் புற்றுநோயால் காலமானார். குழுவின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றின் தலைப்பு ‘அண்டைஞா ஆக்கு பெர்கி டுலு செபெலும்மு’. ‘உனக்கு முன்னே நான் போய்விட்டால்’ என்று பொருள். காதல் பாட்டாகக் கேட்கப்பட்டு வந்தது, அந்த இழப்புக்குப் பிறகு இரங்கற்பாவாகவும் கேட்கத் தொடங்கியது. மெட்டும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. வரிசையில் மட்டும் மேலே ஏறியது. எம். நாசிர் மெட்டமைத்த ‘ஹிங்கா அகிர் நந்தி’யும் (‘இறுதிவரை’) இந்த வரிசையில் நிற்கத் தகுந்ததே.

வாக்கெடுப்பு என்னும் தராசு

மக்களையே கேட்டுவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள், பிபிசி உலக சேவை 2002இல் நடத்திய வாக்கெடுப்பை எண்ணிப் பார்க்கலாம். உலகின் முதல் 10 பாடல்களைத் தேர்ந்தெடுக்க நேயர்களை அழைத்தது அந்த நிலையம். முதலிடம் பிடித்தது ‘வுல்ஃப் டோன்ஸ்’ குழுவின் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாடல். நான்காம் இடம், இளையராஜா இசையில் 1991இல் வந்த ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ராக் இசையின் உச்சம் என்று பலர் கொண்டாடும் ‘குயீன்’ குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’க்கு அதற்கும் கீழேதான் இடம் கிடைத்தது. அந்தப் பட்டியல் இசையின் தரத்தைச் சொன்னதைவிட, யார் திரண்டு வந்து வாக்களித்தார்கள் என்பதையே அதிகம் சொன்னது.

நிபுணர் பட்டியலும் நிலையாக நிற்பதில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் 500 சிறந்த பாடல்கள் பட்டியலில் 2004இல் முதலிடத்தில் இருந்த பாப் டிலனின் பாடல், 2021இல் நான்காம் இடத்துக்கு இறங்கியது.

கேட்கும் வரிசை

மூன்று அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தால் ‘செகுந்தும் மாவார் மேரா’வுக்கே முதலிடம். மெட்டு, வரி, குரல் மூன்றும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நடப்பது அதில்தான். ‘அண்டைஞா’ இரண்டாவது, ‘செஞ்ஞும்லா’ மூன்றாவது. குழுவை முதன்முறை கேட்பவர் இவற்றிலிருந்தே தொடங்கலாம். வரிசையை மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம்; 1986ஆம் ஆண்டு விருதுப் பட்டியலில் உள்ள பெயரை மட்டும் மாற்ற முடியாது.