எடப்பாடிக் காவடியும் மலைமேல் ஓர் இரவும்

திருத்தலப் பயணத்தின் பயனைச் சமய நூல்கள் பெரும்பாலும் பாவநீக்கம், வீடுபேறு என்னும் இரண்டனுள் அடக்கிவிடுகின்றன; ஆயினும் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஆண்டுதோறும் கால்நடையாகப் புறப்படும் கூட்டங்களை நோக்கினால், மறுமைப் பயனைக் காட்டிலும் தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கும் ஊருக்குரிய உரிமையுமே அங்கு முன்நிற்பது விளங்கும். இதற்குத் தெளிவான சான்று, சேலம் மாவட்டத்தின் மேற்கே காவிரிப் பக்கத்திலுள்ள எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தையொட்டிப் பழநிக்கு எடுத்துச்செல்லும் காவடியாகும்.

காவடி என்பது தண்டின் இருமுனையிலும் பாரத்தைக் கட்டித் தோளில் தாங்கும் பழைய சுமைமுறை. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை இடும்பன் இவ்வாறே தூக்கிவந்தான் என்று பழநித் தலபுராணம் கூறுவதால், காவடி எடுப்பவர் இடும்பனின் நிலையில் நின்று தம் நேர்த்திக்கடனை, அதாவது நோய் தீர்ந்தால் அல்லது பிள்ளை பிறந்தால் செய்வதாக வேண்டிக்கொண்டதை, நிறைவேற்றுகிறார். சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறாத தை மாதம் நெடுவழி நடப்பதற்கு ஏற்ற பருவம் என்பதும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது.

இரவு வழிபாடு முடிந்தபின் பழநி மலைக்கோயிலில் பக்தர் எவரும் தங்குவதில்லை. எடப்பாடிக் காவடியார் மட்டும் மரபுரிமையாக ஓர் இரவு மலைமேல் தங்குகின்றனர். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், ஏலம் முதலியவற்றை மலைக்குக் கொண்டுசென்று, பல டன் பஞ்சாமிர்தத்தை அங்கேயே அவர்கள் கூடிப் பிசைகின்றனர். மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டதென அவர்கள் போற்றும் இம்மரபில் தனிமனிதரின் புண்ணியம் இரண்டாம் இடத்ததே. ஒரு குலம் தன் இடத்தை ஆண்டுக்கொருமுறை இறைவன் முன்னிலையில் உறுதிசெய்துகொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாகும். பழநிக்கு நடக்கும் செட்டிநாட்டு நகரத்தாரின் பழைய அறப்பட்டயங்களோ, அப்பயணத்தின் தொடக்கத்தை உப்பு வணிகத்தோடு இணைக்கின்றன. வணிக வழியே வழிபாட்டு வழியாகவும் ஆனது.

பிற சமயத்தார் பயணத்திலும் வேண்டுதலின் பங்கு பெரிது. இராபர்ட் டி நொபிலி 1623-இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்த காலந்தொட்டுக் கத்தோலிக்கம் அறிமுகமான இவ்வட்டாரத்திலிருந்து, செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி செல்வோர் காவியுடுத்தி விரதமிருந்து நடப்பதில் காவடி வழக்கத்தின் சாயல் தெரிகிறது. நாகூர் தர்காவின் கந்தூரிக்கு, அதாவது இறைநேசர் மறைந்த நாளின் நினைவு விழாவுக்கு, இந்துக்களும் வேண்டுதலுடன் செல்கின்றனர். அத்தர்காவின் 131 அடி உயர மினாரா தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்ததாகும். ஹஜ் மட்டும் இவ்வரிசையில் அடங்காது. அது வேண்டுதலால் நேர்வதன்று. உடல்வலிமையும் பொருள்வசதியும் உடைய முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறை விதிக்கப்பட்ட கடமை. எடப்பாடிக் காவடிக்கோ அத்தகைய நூல்விதி எதுவும் இல்லை. ஊர்வழக்கு ஒன்றே அதனை ஆண்டு தவறாமல் நடத்திவருகிறது.