கரிங்காயும் கடைசி நாளும்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு ஏறி, அங்கிருந்து பூப்பாறை செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஓங்கிய மரங்களின் நிழலில் தழைத்திருக்கும் ஏலத் தோட்டங்களுள் ஒன்றில் நுழைந்து, காய் பறிக்கும் பெண்ணொருத்தியின் அருகே சிறிது நேரம் குந்தியிருந்து பார்த்தால், அந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் அவளுடைய கட்டைவிரலில் அடங்கியிருப்பது விளங்கும். செடியின் தூரிலிருந்து புறப்படும் சரம் ஒன்றுதான். ஆனால் அதில் அடுத்தடுத்துத் தொங்கும் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. நுனியில் பூ மலர்ந்திருக்கும்போதே அடியில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. பிஞ்சும் அல்லாமல் பழமும் அல்லாமல், உள்ளே விதை கறுத்து, மேலே பச்சை மாறாதிருக்கும் அந்த இடைப்பருவத்துக்குக் கரிங்காய் என்று பெயர். அதைத் தவறவிட்டால் காய் மஞ்சளித்து வெடிக்கும். முந்திக்கொண்டால் உலர்த்தும் ஸ்டோரில் சுருங்கிச் சக்கையாகும். ஆகையால் ஒரு மாதத்துக்கோ ஒன்றரை மாதத்துக்கோ ஒரு சுற்றாக, ஆடி தொடங்கித் தை வரையில் அதே செடியை மறுபடியும் மறுபடியும் தேடி வருகிறார்கள்.

இந்தக் காட்சியைக் கொண்டு கட்டுரையைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உலகத்தின் முடிவை அறுவடை என்று உருவகித்தவர் இயேசுநாதர். அந்த அறுவடை எப்போது, அது ஒரே வீச்சில் முடிவதா, சுற்றுச் சுற்றாக நடப்பதா, அதற்கு முன்னே உலகம் சீர்படுமா, சீரழியுமா என்னும் வினாக்களில் கிறிஸ்தவ உலகம் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பிளவுபட்டு வந்திருக்கிறது. அந்தப் பிளவின் சரித்திரத்தில் நம்முடைய இந்த மலைத்தொடரின் இரு சரிவுகளுக்கும் பங்கு உண்டு என்பதைப் போடியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்வோரே பலர் அறியார்.

விவாதத்தின் மூலம் தமிழ் வேதாகமத்தின் இறுதி ஆகமமாகிய வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரம். சாத்தான் கட்டுண்டு கிடக்க, கிறிஸ்து ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்று அங்கே கூறப்படுகிறது. அந்த ஆயிரம் எண்ணிக்கையா, அலங்காரமா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அகுஸ்தீனார் அதனை அலங்காரமாகவே கொண்டார். திருச்சபை நிலவுகின்ற காலமே அந்த அரசாட்சி என்பது அவருடைய சித்தாந்தம். கத்தோலிக்கர் பொதுவாக அவ்வழியே நின்றனர். லுத்தரன்மாரும் இதில் வேறுபடவில்லை. 1530-இல் அவர்கள் வெளியிட்ட அவுக்ஸ்புர்க்கு விசுவாச அறிக்கையின் பதினேழாம் பிரிவு, பூமியில் பரிசுத்தவான்களின் அரசாட்சி முன்னதாகவே ஏற்படும் என்ற கொள்கையைக் கண்டித்து ஒதுக்குகிறது. ஆகவே 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கின் பரம்பரையில் வந்த தமிழ்ச் சபைகள், முடிவு நாளைப் பிரசங்கத்தில் அஞ்சி நினைத்தனவேயன்றி, ஆயிர வருஷக் கணக்கில் இறங்கவில்லை.

போடிக்கும் கம்பத்துக்கும் புராட்டஸ்டண்டு மார்க்கத்தைக் கொண்டுவந்தவர்களோ வேறொரு கட்சியினர். 1810-இல் நிறுவப்பட்ட அமெரிக்க மிஷன் சங்கம் யாழ்ப்பாணத்தின் வழியாக 1834-இல் மதுரையில் கால் வைத்தது. 1845-இல் பசுமலைக்கு வந்த அதன் செமினரியில் பயின்ற உபதேசியார்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அச்சங்கத்தின் முதல் தலைமுறையினர் ஆயிர வருஷ அரசாட்சி முதலில் வரும், கிறிஸ்து பின்னர் வருவார் என்று நம்பியவர்கள். சுவிசேஷம் பரவப் பரவ உலகம் படிப்படியாகத் திருந்தும், அந்த நற்காலத்தின் முடிவில் ஆண்டவர் எழுந்தருளுவார் என்பது அவர்களுடைய வியாக்கியானம். பம்பாயில் ஊழியம் செய்த ஹால், நியூவெல் என்னும் இருவர் 1818-இல் எழுதிய புத்தகம் ஒன்றில், அறுபது கோடி மக்களை மனந்திருப்புவதற்கு எத்தனை மிஷனரிகள் தேவை என்று வகுத்தல் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள்! இவ்வாறு நம்பியவர்கள் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் காசு செலவழித்ததில் வியப்பில்லை. மதுரை ஜில்லாவெங்கும் எழுந்த பள்ளிக்கூடங்களும் மருந்துச்சாலைகளும் தருமத்தின் அடையாளங்கள் மட்டுமல்ல. ஒரு தீர்க்கதரிசன வியாக்கியானத்தின் அடையாளங்களும் ஆகும்.

மூன்றாவது கட்சி இதற்கு நேர் எதிரானது. உலகம் நாளுக்கு நாள் கெட்டே போகும், கிறிஸ்து திடீரென வருவார், அதன் பிறகே ஆயிர வருஷம் என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சுப் புரட்சியால் அதிர்ந்திருந்த இங்கிலாந்தில் இந்த எண்ணம் வேகமாகப் பரவியது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த நூல்களுள் ஒன்றை எழுதியவர் லக்குன்சா என்ற தென்னமெரிக்க ஜேசுயிட் பாதிரியார்; யூதப் பெயரொன்றில் ஒளிந்துகொண்டு அவர் எழுதியதை எட்வர்ட் இர்விங் 1827-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். போப்பாண்டவரே அந்திக்கிறிஸ்து என்று முழங்கிய புராட்டஸ்டண்டுகள், ஜேசுயிட் ஒருவரின் புத்தகத்தில் பாடம் கேட்டது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. ஜான் நெல்சன் டார்பி முதலியோர் வளர்த்த பிரதரன் சபை இயக்கம் இந்தச் சூழலில் பிறந்தது. அவ்வியக்கத்தின் மூலவர்களுள் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் பல் வைத்தியத் தொழிலையும் அதன் நல்ல வருமானத்தையும் உதறிவிட்டுப் பாக்தாத்துக்குச் சென்று, அங்கே 1831-இல் கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்து, 1833-இல் இந்தியாவுக்கு வந்தார்.

இங்கேதான் நம்முடைய மலை கதைக்குள் வருகிறது. போடிக்குத் தெற்கே வருஷநாட்டு மலைகளைத் தாண்டினால், அவற்றின் அடிவாரத்தில் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்றொரு ஊர் உண்டு. அதனை 1840-இல் நிறுவியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் தமிழர். பாளையங்கோட்டையில் ரேனியுஸ் ஐயரிடம் பயின்று, பின்னர் குரோவ்ஸின் நட்பால் அவருடைய நெறியைத் தழுவிக்கொண்ட இவர், எந்த மிஷனிடமும் சம்பளம் பெறுவதில்லை என்று உறுதிகொண்டு, வந்ததை உண்டு, வராத நாளில் பொறுத்திருந்து ஊழியம் நடத்தினார். ஆண்டவர் வாசலண்டையில் நிற்கிறார் என்று நம்புகிறவன் எதற்காகச் சேமிப்பான்? மலையின் வடபுறத்தில் அமெரிக்கர்கள் நூறாண்டு நிற்கும் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், தென்புறத்தில் ஒருவர் நாளைக்கென்று அரிசி வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தார். இரு திறத்தாரும் வாசித்தது ஒரே வேதப் புத்தகத்தை.

1860 மார்ச்சு மாதத்தில் அருளப்பனின் சபைகளில் எழுப்புதல் மூண்டது. எழுத்தறியாத ஆண்களும் பெண்களும் தரிசனம் கண்டு தீர்க்கதரிசனம் உரைத்தனர். அந்நிய பாஷைகளில் பேசினர். பாவங்களைச் சொல்லி அழுதனர். அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இவை தமிழ்நாட்டுக் குக்கிராமங்களில் நிகழ்ந்தன. அருளப்பன் 1867-இல் காலமானார். ஆயினும் அந்த நெருப்பு அவிந்துவிடாமல், 1873-ஆம் ஆண்டையொட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற உபதேசியார்களின் வழியாக மலையைக் கடந்து திருவிதாங்கூரில் பற்றிக்கொண்டது.

அங்கே அந்த நெருப்பு பற்றிக்கொண்ட மனிதர்களுள் ஒருவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சம்ஸ்கிருதத்திலும் சங்கீதத்திலும் தேர்ந்து, 1861-இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் குருவாகிய ஜஸ்டஸ் ஜோசப். வித்துவான் குட்டி என்று ஜனங்கள் அன்போடு அழைத்த இவர் கருநாகப்பள்ளிக்கு அருகே கன்னேற்றியில் ஊழியம் செய்துவந்தார். எழுப்புதல் கூட்டத்தில் எழுந்த தீர்க்கதரிசனங்களின் மேல் நம்பிக்கை கொண்டு, இன்னும் சில வருஷங்களில் ஆண்டவர் பிரத்தியட்சமாவார் என்று கூறி, 1875-இல் அவரும் அவரைச் சேர்ந்தோரும் சர்ச் மிஷனரி சங்கத்தைவிட்டுப் பிரிந்தனர். குறித்த நாள் 1881 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. காத்திருந்த வருஷங்களின் கணக்கை வைத்தே ஊரார் இவர்களுக்கு அஞ்சரை வேதக்காரர் என்று பட்டப்பெயர் சூட்டினார்கள்.

காத்திருந்த அந்த வருஷங்களின் நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது என்பதை மறக்கலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானி எங்கும் மழை பொய்த்து, வயல் வெடித்து, பசியாலும் காலராவாலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைத்தவருள் பலர் மலைத்தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் கூலி தேடிப் போயினர். முடிவுக்கு முன் பஞ்சங்களும் கொள்ளைநோய்களும் உண்டாகும் என்ற சுவிசேஷ வசனத்தை அந்த வருஷங்களில் வாசித்த ஒருவன், அது தன் தெருவைக் குறித்து எழுதப்பட்டது என்று எண்ணியிருந்தால் அவனைப் பேதை என்று நகைக்க எனக்கு மனம் வரவில்லை. விளக்கின் அடியில் அமர்ந்து எழுதும் நமக்கு ஞானம் எளிது.

குறித்த ஞாயிறு வந்தது, போயிற்று. ஜஸ்டஸ் ஜோசப் தாம் தவறியதாக ஒப்புக்கொள்ளவில்லை. வருகை கண்ணுக்குப் புலனாகாமல் ஆவிக்குரிய முறையில் நிறைவேறிவிட்டது என்றும், அன்றைய தினம் முதலே ஆயிர வருஷ யுகம் தொடங்கிவிட்டது என்றும், மதங்கள் யாவும் ஒன்றாகிச் சங்கமிக்கும் காலம் அது என்றும் விளங்கவைத்து, யுயோமயம் என்னும் புதிய சமூகத்தை ஸ்தாபித்தார். ஆண்டவருடைய வருகையைத் தேதியிட்டவருக்குத் தம் ஆயுளில் அதற்குப் பின் ஆறு வருஷங்களே எஞ்சியிருந்தன, 1887-இல் மறைந்தார். மலையாளிகள் தம் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் நடுக்கத்தோடு சொல்லும் 1924-ஆம் வருஷப் பெருமழை, மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையும் அடித்துச் சென்றபோது, அவருடைய கணக்கு நாற்பத்து மூன்று வருஷம் பிந்திப் பலித்ததாகச் சொல்ல யாரும் இல்லை.

வாக்குத் தவறியபின் விளக்கம் பிறப்பது கன்னேற்றிக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்துக் காத்திருந்து ஏமாந்தனர். அவர்களுள் ஒரு பகுதியார், அன்று கிறிஸ்து பரலோக ஆலயத்தில் வேறொரு பணியைத் தொடங்கினார் என்று விளக்கிக்கொண்டு ஏழாம் நாள் அட்வெந்து சபையாக வளர்ந்தனர். அச்சபையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிக்கு வந்தபோது, சட்டாம்பிள்ளை என்பவர் 1857-இல் பிரித்தெடுத்த இந்துக் கிறிஸ்தவர்கள் தாமாகவே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து வருவதைக் கண்டனர். அமெரிக்கப் போதகர் ரஸ்ஸலின் சீடர்கள் 1914-ஐக் குறித்தனர். அவ்வாண்டில் வந்தது உலகப் போர். அதன் பின் அவர்களும் காணப்படாத வருகை என்றே கூறினர்.

நாள் குறிப்போரைவிட என் மனத்தைக் கவர்ந்தவர் வேறொருவர். அருளப்பனின் நாட்குறிப்புகளைத் திரட்டி 1939-இல் இங்கிலாந்தில் அவருடைய சரித்திரத்தை வெளியிட்ட ஜி. எச். லாங் என்ற பிரதரன் போதகர், தம் சபையாரின் பொதுக் கொள்கைக்கே மாறுபட்டவர். விசுவாசிகள் அனைவரும் ஒரே கணத்தில் மேகத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுவர் என்று டார்பியின் வழியினர் போதித்தனர்; இதையே நம் பெந்தெகொஸ்தேயினர் இரகசிய வருகை என்பர். லாங் இதை மறுத்தார். வயல் முழுவதும் ஒரே நாளில் விளைவதில்லை. முற்றியது முதற்பலனாக முதலில் எடுக்கப்படும், மற்றது வெயிலில் நின்று பின்னர் அறுக்கப்படும். விழித்திருந்து ஆயத்தமானவரே முதலில் சேர்க்கப்படுவர், ஏனையோர் உபத்திரவ காலத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்று வாதித்து, முதற்பலனையும் அறுவடையையுமே தலைப்பாகக் கொண்டு ஒரு நூலும் எழுதினார். கோதுமை வயல்களின் நாட்டில் பிறந்தவருக்கு இதை நிலைநாட்ட ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. போடிமெட்டில் காய் பறிக்கும் பெண்ணுக்கு ஒரு வாக்கியம் போதும்.

1923-இல் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெள்ளை உடுத்து, விவாகமும் சொத்தும் துறந்த ஊழியக்காரர்களைத் தமிழ்நாடெங்கும் அனுப்பியது. வருகைக்கு ஆயத்தப்படுவது ஒன்றே அவர்களுடைய ஓயாத பிரசங்கம். அதன் ஸ்தாபகராகிய பாஸ்டர் பால், ராமன்குட்டி என்ற பெயருடன் மலையாள நாட்டில் பிறந்தவர். 1948-இல் இஸ்ரவேல் தேசம் அமைந்தபின், முடிவுக்கு அடையாளமாகச் சுவிசேஷம் சொன்ன அத்திமரம் துளிர்த்துவிட்டது என்ற பேச்சு எங்கும் வலுத்தது. காலத்தை ஏழு கட்டமாகப் பிரித்துத் துணியில் தீட்டிய படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பால் சுட்டிக்காட்டி விளக்கும் பிரசங்கிகளைத் தமிழ்நாட்டுக் கூட்டங்களில் பலரும் கண்டிருப்பர். மறுபுறம், அமெரிக்க மிஷனின் வாரிசாக 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் அடங்கிய பழைய சபைகளோ, அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவதோடு நிறுத்திக்கொண்டு, வருஷக் கணக்கைப் பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு விட்டுவிட்டன. மலையில் குடியேறிய சிரியன் கத்தோலிக்கர் அகுஸ்தீனாரைப் பெயர் சொல்லாமலேயே பின்பற்றுகின்றனர்.

ஜஸ்டஸ் ஜோசப்பின் கணக்கை நிராகரித்த சபைகள் அவருடைய கீர்த்தனங்களை நிராகரிக்கவில்லை. கர்நாடக ராகங்களில் அவர் இயற்றிய மலையாளப் பாடல்கள் மார்த்தோமா சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் பாட்டுப் புத்தகங்களில் இடம்பெற்று, போடிமெட்டுக்கு மேற்கே ஞாயிறுதோறும் பாடப்பட்டு வருகின்றன.