தாத்தாவின் ரிவால்வரும் மணியாச்சி பிஸ்டலும்

போன மாதம் ஒருநாள் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தோம். கூட நடக்கும் நண்பர் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். பெயர் வேண்டாம்.

“ஓய், நீரு லேத் முன்னால எத்தனை வருசம் நின்னீரு?”

“முப்பத்தோரு வருசம் பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்தேன். எதுக்குக் கேக்கீரு?”

“எங்க தாத்தா ரிவால்வர் ஒண்ணு டிரங்குப் பெட்டியில கெடக்கு வே. சிலிண்டர் ஓட்டை ஒரு அளவு, குழல் ஓட்டை ஒரு அளவு, ஒத்து வராதுன்னு அப்பா காலத்துலேயே ஒருத்தர் சொல்லியிருக்காரு. நம்ம பட்டறைக்காரப் பையன் ரீமர் விட்டுச் சரி பண்ணித் தாரேங்கான். என்ன சொல்லுதீரு?”

“தொடவே தொடாதேயும்” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். மைதானத்தில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் பழைய வீடுகளின் பரணில் இப்படி ஏதாவது கிடக்கத்தான் செய்யும்.

முதலில் ரிவால்வர் என்றால் என்ன என்று பார்ப்போம். சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை குழலின் பின்பக்கத்திலேயே இருக்கும். ரிவால்வரில் அப்படி இல்லை. பெரும்பாலும் ஆறு அறைகள் கொண்ட ஒரு உருளை தனியாகச் சுற்றும். குழல் தனியாக நிற்கும். விசையை இழுத்ததும் குண்டு அறையிலிருந்து கிளம்பி, ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய வேண்டும்.

இதை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல மடையும் வாய்க்காலும் போதும். மடை வாய்க்காலுக்கு நேராக இருக்க வேண்டும், அளவும் ஒத்துப்போக வேண்டும். மடை விலகி நின்றால் தண்ணீர் கரையில் மோதும். அளவு ஒத்துப்போகாவிட்டால் ஒன்று கசியும், இல்லையென்றால் முட்டும்.

ரிவால்வரிலும் அதே இரண்டு கோளாறுகள்தான். அறையின் மையமும் குழலின் மையமும் விலகியிருந்தால் குண்டின் ஈயத்தை ஒரு பக்கமாகச் சீவிவிடும். அந்தச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். கொஞ்சம் விலகலைச் சமாளிக்கத்தான் குழலின் பின்வாயைப் புனல் மாதிரி விரித்துக் கடைந்திருப்பார்கள். இரண்டாவது கோளாறு அளவு. அறையின் முன்வாய் குழலைவிடச் சிறிதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி, குழலுக்குள் லொடலொடவென்று போகும். வாயு பக்கத்தில் கசியும், குறி தவறும். அறை பெரிதாகவும் குழல் சிறிதாகவும் இருந்தால் குண்டு இறுகி நுழையும், உள்ளே அழுத்தம் ஏறும்.

அப்படியானால் பழைய கம்பெனிகள் எல்லாம் தப்பாகவா செய்தன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட .455 வெப்லி ரிவால்வர்களில் பலவற்றில் அறையின் முன்வாய் குழலைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும். அதற்கேற்ற குண்டு மெத்தென்ற ஈயம், அடிப்பாகம் குழிவு. வெடித்த வேகத்தில் அந்தக் குழிவு விரிந்து குழலை நிறைத்துக்கொள்ளும். துப்பாக்கியை மட்டும் அளந்தால் கோளாறு மாதிரி தெரியும். குண்டையும் சேர்த்து அளந்தால் கணக்கு சரியாகிவிடும். பட்டறைப் பையனிடம் வெர்னியர் இருக்கிறது. அந்தக் காலத்துக் குண்டு இல்லை.

குண்டுக்கும் துளைக்கும் உள்ள இந்தக் கணக்கு இந்திய வரலாற்றிலேயே ஒருமுறை பெரிதாகக் குறுக்கிட்டிருக்கிறது. 1857 கிளர்ச்சியில் என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு பற்றி எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அளவைப் பற்றிப் படிக்கவில்லை. 1853 மாதிரி என்ஃபீல்டின் துளை 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். நாலு முறை சுட்டதும் உள்ளே கரி படியும், அடுத்த குண்டு இறங்காது. இந்தியாவில் பட்ட இந்தத் தொல்லைக்குப் பிறகு குண்டை 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். பட்டறைக் கணக்கில் வெறும் 18 தௌ. இறுக்கம் போச்சே என்றால், குண்டின் அடிக்குழிவில் ஒரு சின்ன மரக்கட்டை இருந்தது. அது குண்டை விரித்துத் துளையோடு ஒட்டவைத்தது. துப்பாக்கியில் யாரும் ரீமர் விடவில்லை, குண்டைத்தான் மாற்றினார்கள்.

கிளர்ச்சி அடங்கிய பிறகு இன்னொரு வேலையும் செய்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு உள்ளே திருகுவரி இல்லாத, வழவழப்பான, அகன்ற துளையுள்ள துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். குறி தூரம் போகாது. வெள்ளைச் சிப்பாயிடம் வரித் துப்பாக்கி, நம் ஆளிடம் வழவழத் துப்பாக்கி. துளையின் அளவை ஆட்சிதான் தீர்மானித்தது.

நம் சீமைக்கு இது புதிதில்லை. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்து பாளையக்காரர் போர் முடிந்ததும், அந்த டிசம்பரிலேயே கம்பெனி அரசு ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டது. துப்பாக்கி மட்டுமில்லை, ஈட்டியும் அதில் அடக்கம். பிறகு 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு.

அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான், 1911 ஜூன் 17-ஆம் தேதி, மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். மனைவியோடு கொடைக்கானல் போவதற்காக ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். சுட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் இருந்த கழிப்பறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொண்டார். இன்று அந்த நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி.

மேடையில் பேசுகிறவர்கள் பலர் “வாஞ்சியின் ரிவால்வர்” என்கிறார்கள். அது ரிவால்வர் இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். பிஸ்டலில் சுற்றும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு பெட்டியில் அடுக்காக நிற்கும். தோட்டா அறை குழலின் பின்முனையிலேயே கடையப்பட்டிருக்கும். மடையும் வாய்க்காலும் ஒரே கல்லில் வெட்டின மாதிரி. என் நண்பரின் டிரங்குப் பெட்டிக் கோளாறு அதில் வரவே வழியில்லை. அந்த நாளில் அது புதிய காலத்துக் கருவி. ரிவால்வர் என்று சொன்னால், உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் கையில் எது இருந்தது என்பதையே தப்பாகச் சொன்னதாகிவிடும்.

நண்பர் கதைக்கு வருகிறேன். ரீமர் விடக்கூடாது என்று சொன்னதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, உயிர். பழைய இரும்பு கருமருந்துக்காகச் செய்தது. அறைகளுக்கு இடையே உள்ள சுவர் ஏற்கெனவே மெல்லியது. அதைக் கடைந்து இன்னும் மெலிய வைத்து, இன்றைய தோட்டாவைப் போட்டால் உருளையே பிளந்து கையோடு போகும்.

இரண்டு, பொருள். கடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. என் வகுப்பில் முதல் நாளே சொல்லும் பாடம் இது. வெளிநாடுகளில் இந்த வேலையே தொழிலாக உள்ளவர்கள்கூட முதலில் ஆறு அறைகளையும் தனித்தனியாக அளப்பார்கள், குழலையும் அளப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். பழமை மதிப்புள்ளது என்றால் கை வைக்காமல் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

மூன்று, சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத பட்டறை துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். “பழைய சாமான்தானே, விலக்கு உண்டே” என்று நண்பர் கேட்டார். 45-ஆவது பிரிவில் விலக்கு உண்டுதான். ஆனால் அது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத பழம்பொருளுக்கு. “ரீமர் விட்டால் சுடும்” என்று பையன் சொன்னானே, அந்த ஒரு பேச்சே விலக்குக்கு எதிராக நிற்கும். லைசென்ஸ்காரர் காலமானால் வாரிசு அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம்.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “தாத்தா அதை வச்சுச் சுட்டதை யாருமே பாத்ததில்ல வே. தீபாவளிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாரு, அவ்வளவுதான்” என்றார்.

“அப்போ கடைசியா ஒருதரம் துடைச்சு, தாத்தா பேருல உள்ள லைசென்ஸ் புத்தகத்தையும் தேடி எடும்” என்றேன்.

அடுத்த வாரம் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு, ரசீதோடு மைதானத்துக்கு வந்தார். டிரங்குப் பெட்டியில் இப்போது அந்த ரசீதும், தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகமும் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.