தோல் கொடுத்தவர் வாசலில் நின்றார்: பறையிசையின் வரலாறு



வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டும் எனச் சங்கத்தார் பணித்தபோது, நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒரு பொருளையே எழுதுவது எனத் துணிந்தேன். அது பறை. அதனைப் பெருமை என்பாரும் உளர். இழிவு என்பாரும் உளர். வரலாற்றை அறிந்த பின்னரே இவ்விரண்டில் எது உண்மை எனத் தீர்மானித்தல் வேண்டும்.

'பறைதல்' என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பது பொருள். மலையாளத்தில் இன்றும் அப்பொருள் வழங்குகின்றது. செய்தியை ஊரறியச் சொன்ன கருவியே பறை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வம், உணவு, யாழ் முதலியவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகின்றது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றிக் குடி வேறில்லை என்கின்றார். அக்காலத்தில் பறை முழக்குதல் தாழ்வெனக் கருதப்படவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இந்நிலை பின்னர் மாறியது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்னும் சொற்கள் காணப்படுகின்றன. இசைத்தவன் ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டான் என்பதை இவை காட்டுகின்றன.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இம்முரண்பாடு தெளிவாகத் தெரிகின்றது. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் வாழ்ந்த நந்தனார் செய்த தொண்டு யாது? கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அவர் வாழ்ந்த சேரியை வருணிக்குமிடத்து, மாமரங்களில் பறைகள் தொங்கிய காட்சியையும் சேக்கிழார் குறிக்கின்றார். அவர் கொடுத்த தோல் திருக்கோயிலுள் ஒலித்தது. கொடுத்தவரோ தில்லையின் எல்லையில் நின்றார்.

நந்தனார் கதையையும் பிற்காலத்தார் இசையாக்கிக் கொண்டனர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861இல் அச்சேறியது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலே தோன்றி, தமிழிசை இயக்கத்திற்கு அரணாக விளங்கியது. நந்தனாரைப் பாடிய குரலுக்கு மேடை கிடைத்தது. நந்தனாரின் சேரியில் ஒலித்த பறைக்கு அம்மேடை கிடைக்கவில்லை.

இனி, கடல் கடந்த நாடொன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மேற்கிந்தியத் தீவுப் படைவீரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். அவர்களுடைய பித்தளை வாத்தியங்களைக் கேட்ட உள்ளூர் மக்கள் அவற்றில் தம் தாளத்தைப் புகுத்தினர். வாத்தியம் வாங்க வசதியற்ற சிற்றூரார் குரலாலும் உள்ளூர் முரசுகளாலும் அவ்விசையை உண்டாக்கினர். 1920களில், செல்வர் ஆடிய மண்டபத்திற்கு வெளியே நின்று கேட்ட ஏழையர் அதற்கு 'ஹைலைஃப்', அதாவது மேட்டுக்குடி வாழ்வு, எனப் பெயரிட்டனர் என்பர். 1950களில் ஈ.டி.மென்சா என்பாரின் குழு அதனை மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பியது. 1957இல் கானா விடுதலை பெற்றபோது அது நாட்டின் இசையாகவே மதிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் மேனாட்டு வாத்தியம் வந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழு இருந்தது. கிளாரினெட்டும் டிரம்மும் பின்னர் நம் தெருக்களுக்கும் வந்து 'பேண்டு செட்' ஆயின. ஆயினும் கானாவில் நிகழ்ந்தது இங்கு நிகழவில்லை. காரணம் யாது? அங்கு இசைத்தவன் விரும்பி இசைத்தான். இங்கோ பறையடித்தல் ஊழியமாக இருந்தது. சாவு வீட்டில் அடிக்க வேண்டும். கூலி பேசும் உரிமையில்லை. மறுத்தால் வயல் வேலையும் கிடையாது. கட்டாயம் உள்ள இடத்தில் கலை வளர்வது அரிது.

ஆகவேதான் நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தனர். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி நம் பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுத்தார். காட்டுமன்னார்கோயில் பகுதியில் தோன்றிய எல்.இளையபெருமாள் அவர்கள் சாவுப் பறைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1969இல் அவர் தலைமையிலான குழு அளித்த அறிக்கை தீண்டாமையின் கொடுமைகளை நாட்டின்முன் வைத்தது. அவர்கள் எதிர்த்தது ஓசையை அன்று, அடிமைத்தனத்தையே ஆகும்.

இதனை நானே பிழை செய்துதான் கற்றேன். தலைமையாசிரியனாக நான் இருந்த ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவிற்குப் பறையாட்டம் வைத்தோம். ஆடுவதற்கு நம் தெருப் பிள்ளைகளை மட்டும் அழைத்தேன். மறுநாள் ஒரு மாணவனின் தாய் வந்து, "அவங்க தாத்தா ஊருக்கு அடிச்சதே போதும் சார்; இவன் படிக்கட்டும்" என்றார். நானும் அத்தெருக்களில் ஒன்றில் பிறந்தவனே, தலைகுனிந்து நின்றேன். பின்னர் எல்லாத் தெருவுப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், விரும்பினால் கற்கலாம் என அறிவித்தேன். பதினாறு பேர் முன்வந்தனர். அத்தாயின் மகன் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

காலம் மாறி வருகின்றது. மதுரையில் தியாபிலஸ் அப்பாவு போன்றோர் ஒடுக்கப்பட்டோர் இசையை விடுதலை இசையாக்கினர். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசான் அவர்களுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. எனினும் மேடையில் கைதட்டும் ஊர், சாவு வீட்டில் நம் தெருவைத்தான் இன்னும் தேடுகின்றது எனில், மாற்றம் நிறைவுறவில்லை என்றே பொருள்.

இளைஞர்களே! பறையைக் கற்க விரும்பினால் கலைஞனாகக் கற்றுக்கொள்ளுங்கள், கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். வேண்டாமெனில் விட்டுவிடுங்கள், அதுவும் உங்கள் உரிமையே. பிறப்பைக் காட்டி எவர் அடிக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஆனால் அதன் வரலாற்றை மட்டும் கல்லாது விடாதீர்கள். தோல் கொடுத்தவரை வாசலில் நிறுத்திய கதையை அறிந்தவனே, இனி எவரையும் வாசலில் நிற்க விடமாட்டான்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!