சூரிய பம்புசெட் (முத்துப்பேட்டை வட்டாரம்)

திருவாரூர் மாவட்டக் கடலோர ஊரான முத்துப்பேட்டைப் பகுதியில் சூரிய பம்புசெட்டின் முதல் பயன் உயிர்ப் பாதுகாப்பு. மின்சிக்கனம் அதற்கு அடுத்ததே. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடந்து, ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். சூரிய பம்பு பகலில்தான் ஓடும். 1990 முதல் தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம்தானே என்பார்கள். ஆனால் கட்டணமின்மை மின்சாரம் வரும் நேரத்தை மாற்றுவதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்தன; சூரிய பம்புக்கு அவை தேவையில்லை. அத்தகைய காற்று சூரியப் பலகைகளையும் பெயர்க்கும் என்பது நியாயமான மறுப்பு, ஆகவே தாங்கிகளுக்கு ஆழமான கான்கிரீட் அடித்தளம் தேவை. ஐப்பசி மேகமூட்டத்தில் இறைப்பு குறையும். அப்போது சம்பா வயலுக்கு வடிகால்தான் கவலை. கடலோரத்தில் அளவுமீறி இறைத்தால் உவர்நீர் ஏறும் என்ற எச்சரிக்கை வலுவானது. இன்னொரு ஆபத்தும் உண்டு: மோட்டாரை நிறுத்தினாலும் வெயில் உள்ளவரை பலகைக் கம்பியில் மின்னழுத்தம் இருக்கும். பலகையைத் துடைக்கும் கூலித் தொழிலாளிக்குக் காப்புக் கையுறையும் பயிற்சியும் பம்புக்கான மானியத்தோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டும்.