முசிறியிலிருந்து கரூருக்கு: ஒரு சைக்கிள் பாதையின் வரலாறு

நம் பாடப்புத்தகத்தில் முசிறி ஒரு வரி, கரூர் ஒரு வரி, கொடுமணல் ஒரு வரி. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு வரைபடத்தை எடுத்து இந்த ஊர்களைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். மேற்கே கடற்கரைத் துறைமுகம், நடுவே மலைகளுக்கு இடையில் ஒரு வாசல், கிழக்கே ஆற்றங்கரைத் தலைநகரம். இது ஒரு பழைய வணிக வழி. இன்றைக்கு அந்த வழியைப் புரிந்துகொள்ள பஸ்ஸும் காரும் உதவாது, சைக்கிள்தான் சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பஸ்ஸில் போகிறவனுக்கு மேடு தெரியாது, காற்று தெரியாது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற கவலையும் கிடையாது. சைக்கிள்காரனுக்கு இந்த மூன்றும்தான் வாழ்க்கை! பொதிமாடு ஓட்டிய வணிகனுக்கும் இதே மூன்று கவலைகள்தான்.

முதலில் மேடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்வளவு பெரிய சுவருக்கு நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கடற்கரையிலிருந்து உள்ளே வர இதைவிடச் சுலபமான வழி அக்கம்பக்கத்தில் இல்லை. ஆங்கிலேயர்களும் இதைத்தான் கண்டுகொண்டார்கள். சென்னையையும் மேற்குக் கரையில் உள்ள பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை 1862-ல் இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. பொதிமாடு, ரயில், சைக்கிள் மூன்றுக்கும் ஏற்றம் பிடிக்காது. அதனால் மூன்றும் ஒரே இடத்தில்தான் மலையைக் கடக்கின்றன.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் உடுமலைப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து கிழக்கே சீறி வருகிறது. உடுமலை, தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். பாலக்காட்டிலிருந்து கிழக்கே சைக்கிள் மிதித்தால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். திரும்பிப் போகும்போது அதே கை நெஞ்சில் வைத்துத் தள்ளும் :)

இதே பருவக்காற்றுதான் ரோமானியர் காலத்துக் கப்பல்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, எகிப்தின் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் கிளம்ப வேண்டும் என்கிறது. செங்கடலைத் தாண்டி, தென்மேற்குக் காற்றோடு முசிறிக்கு வருவார்கள். மிளகு ஏற்றிக்கொண்டு, காற்று திரும்பிய பிறகு வடகிழக்குப் பருவத்தில் ஊர் போவார்கள். முசிறி எங்கே இருந்தது என்பதில் நீண்ட நாள் விவாதம் உண்டு. கொடுங்கல்லூருக்கு அருகே பட்டணம் என்ற ஊரில் 2007-ல் தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்த பிறகு, பலரும் அதையே முசிறியாகக் கருதுகிறார்கள்.

மூன்றாவது தண்ணீர். கணவாயைத் தாண்டிக் கொங்கு நாட்டுக்குள் நுழைந்ததும் வறண்ட நிலம் ஆரம்பிக்கிறது. இங்கே ஆற்றை ஒட்டிப் போனால்தான் மாட்டுக்கும் ஆளுக்கும் தண்ணீர். கிழக்கே காவிரி வரை போகும் ஆறுகள் இரண்டு: வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. வழியும் இரண்டு கிளையாகிறது.

நொய்யல் கிளைக்கு ஆதாரங்கள் நிறைய. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் 'இராசகேசரிப் பெருவழி' என்ற பெயரையே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது சோழர் காலக் கல்வெட்டு. எனவே சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் வழி உயிரோடு இருந்திருக்கிறது. வெள்ளலூரில் 1842-லும் பிறகும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஆற்றோடு கீழே போனால் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகள், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வெளியே வந்தன. காங்கயம் பக்கத்தில் உள்ள படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தக் கல்லுக்கு இந்தியாதான் ஊற்று என்று எழுதியிருக்கிறார்.

அமராவதிக் கிளைதான் நம் கணியூர்க் கிளை. பொள்ளாச்சியில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பழனிக்குப் பக்கத்தில் கலையம்புத்தூரில் 1856-ல் பொற்காசுப் புதையலே கிடைத்தது. அந்தப் பக்கத்திலேயே உள்ள ஐவர்மலையில் சமணர் சிற்பங்களும், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-ஐச் சேர்ந்த பாண்டியன் வரகுணனின் கல்வெட்டும் உள்ளன. அவன் 862-ல் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கிட உதவியதே இந்தக் கல்வெட்டுதான். கணியூரை ஒட்டிய கடத்தூரில் அமராவதிக் கரையில் அருச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரிலும் கல்வெட்டுகள் உண்டு. திருப்பூர் மாவட்டம் என்றாலே பனியன்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இப்போது பாதை. முதல் நாள் கொடுங்கல்லூரிலிருந்து திருச்சூர், ஷொரணூர், ஒற்றப்பாலம் வழியாகப் பாரதப்புழையை ஒட்டிப் பாலக்காடு, சுமார் 115 கி.மீ. இரண்டாம் நாள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகக் கணியூர், சுமார் 95. மூன்றாம் நாள் தாராபுரம் வழியாகக் கரூர், சுமார் 100. உடுமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 370 மீட்டர், கரூர் 120 மீட்டர். ஆக மூன்றாம் நாள் முழுக்க ஆறு போலவே நாமும் இறங்கிக்கொண்டே போகலாம். மாட்டுவண்டி ஒரு நாளைக்கு 25 கி.மீ. போனால் இதே தூரத்துக்கு 12 நாளுக்கு மேல் ஆகும். அத்தனை இரவுகள் தங்க ஊர் வேண்டும், கிணறு வேண்டும், சந்தை வேண்டும். ஆற்றோர ஊர்கள் எப்படி வளர்ந்தன என்பதற்கு இதுவும் ஒரு விடை.

பாதை முடியும் கரூரில் ஒரு சுவாரசியம். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் பல்லாண்டு சண்டை போட்டார்கள். அதாவது நாம் கிளம்பும் ஊர், சேரும் ஊர் இரண்டுமே அந்தப் பெயருக்கு உரிமை கேட்டவை. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டான் மலையில் மூன்று தலைமுறைச் சேரர்களைக் குறிப்பிடும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அங்கேயே கருவூரைச் சேர்ந்த ஒரு பொன் வணிகரின் பெயரும் உண்டு. கரூர்க் கட்சிக்கு இது பெரிய பலம்.

இனி வருத்தமான பகுதி. கரூரில் அமராவதி மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்தன. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசுகளும் அவற்றில் அடக்கம். அவற்றில் பெரும்பாலானவை முறையான அகழாய்வில் வந்தவை அல்ல. மணலைச் சலித்துப் பொறுக்கி, சேகரிப்பவர்களிடம் விற்கப்பட்டவை. காசு பத்திரமாக இருக்கலாம். ஆனால் எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி போய்விட்டது. வரலாற்றுக்குக் காசைவிட அந்தச் செய்திதான் முக்கியம்.

நொய்யல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து நீதிமன்றம் போனார்கள். கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுமணல் இந்த அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மணிக்கல்லை உலகத்துக்கு அனுப்பிய அதே ஆற்றங்கரை, நம் காலத்தில் பனியனை உலகத்துக்கு அனுப்பியது. அந்தக் காலத் தொழில் மண்ணுக்குள் பானை ஓடுகளையும் மணிகளையும் விட்டுப் போனது. நம் தொழில் என்ன விட்டுப் போகப் போகிறது?

அதனால்தான் இந்த வழியைச் சைக்கிளில் போய்ப் பாருங்கள் என்கிறேன். மெதுவாகப் போனால்தான் மேடும் ஓடும் கல்லும் கண்ணில் படும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தைக் குறித்து, போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். மண்ணில் கிடைத்த புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்தே சட்டம். ஒரு ஓடு அது கிடந்த வயலிலேயே இருக்கும் வரைக்கும்தான் அந்த ஊருக்கு வரலாறு.