தரைக்கும் ஒரு வாட்டம் வேண்டும்



2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவை நம் மாவட்டத்துக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மேலே நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சியில் எங்கள் தெருவிலும் வெள்ளம் திண்ணை ஏறி, வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். 1958-இல் என் தகப்பனார் போட்ட பின்கட்டுச் சிவப்புத் தரை மறுநாள் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. 2011-இல் நான் செலவு செய்து டைல்ஸ் பதித்த முன்கூடத்தில் மூன்றாம் நாளும் மூலைக்கு மூலை தண்ணீர் நின்றது. அதைத் துணியால் ஒற்றி எடுக்கப்போன என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க பளபளப்பு எனக்கு வேணாங்க" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் நாங்கள் இருவர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். காலை ஆறு மணி முதல் இரவு வரை ஈரக்காலோடு யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். தரையை மாற்றியாக வேண்டும். "அப்பா, தண்ணியே இறங்காத தரை இப்ப வந்திருக்கு. பின்கட்டையும் பேத்துட்டு வீடு முழுக்க அதையே போட்டுடலாம்" என்றான் மகன். பின்கட்டு என்றதும் மனம் ஒப்பவில்லை. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். நம் முன்னோர் ஈரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று அந்த மாதத்தில் படித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மண்தரை. என் பாட்டி வீட்டில் களிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே சாணம் மெழுகியிருப்பார்கள். கோடையில் குளிர்ச்சி. விரிசல் விட்டால் அடுத்த மெழுகலில் மறைந்துவிடும், காசு செலவில்லை. ஆனால் கார்த்திகை மழையில் ஓதம் ஏறும். பாயைச் சுருட்டினால் அடிப்பக்கம் ஜில்லென்று இருக்கும். வெள்ளம் வந்தால் தரையே சேறாகிவிடும்.

அதற்கு மாற்றாக இருந்தது சுண்ணாம்பு. உள்நாட்டில் சுக்கான்கல்லும் கடலோரத்தில் கிளிஞ்சலும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பும் மணலும் காற்றுப் பட்டுத்தான் இறுகும், ஈரத்தில் இறுகாது. ஆனால் நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்த்தால், அந்தத் தூளும் சுண்ணாம்பும் வினைபுரிந்து ஈரத்திலேயே கெட்டிப்படும். இந்தச் செங்கல் தூளைத்தான் பழைய மேஸ்திரிகள் சுர்க்கி என்பார்கள். ரோமாபுரியிலும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இதே முறையில் உடைத்த ஓட்டையும் செங்கல்லையும் சுண்ணாம்பில் கலந்து பூசினார்கள். நம்மவர்கள் கூடுதலாகக் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தார்கள்.

இதன் பெருமையைப் பார்க்க நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர்களையும் வளைவுக் கூரையையும் ஒருமுறை நின்று பாருங்கள். 1690 முதல் 1698 வரை ராஜாராம் இங்கே இருந்த காலத்தில் முகலாயர் படை கோட்டையை முற்றுகையிட்டது. அத்தனை வருடம் தாக்குப்பிடிக்க இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், களஞ்சியத்தில் தண்ணீர் நுழையக் கூடாது. கல்யாண மகாலுக்கோ சுட்டமண் குழாய் வழியாகத் தண்ணீரை மேல்மாடி வரை ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்று யோசித்துக் கட்டியவர்கள் அவர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை நம்முடையதுதான்.

1750-இல் புஸ்ஸியின் படை ஓர் இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை இது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நான் தாய்மாமா வீட்டில் தங்கிப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலப் புதுச்சேரி வீடுகளைப் பற்றிய பிரெஞ்சு எழுத்துகளில் 'அர்காமாஸ்' என்று ஒரு சொல் வரும். சாந்து என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ச் சுண்ணாம்புத் தளத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆங்கிலேயர் அதையே மெட்ராஸ் டெரஸ் என்றார்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சாய்வரிசையில் நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய் நீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க இடைவெளி அடைந்துவிடும். கடைசியில் தட்டோடு பதித்துத் தூம்பு பக்கமாக வாட்டம் விடுவார்கள். இந்த வாட்டம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சிமென்ட் வந்தது. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1904-இல் மெட்ராஸிலேயே கடற்சிப்பியைக் கொண்டு சிமென்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தது. சிமென்டில் நிறம் கலந்து அச்சில் அழுத்தும் பூக்கல் பிரான்சின் விவியே ஊர்ப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. அதன் உறவுக்காரர்தான் காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் வார்க்கும் கல். வெறுங்காலுக்குச் சுகமானது. ஆனால் புளி, எலுமிச்சை சிந்தி உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும்.

எங்கள் பின்கட்டு வெறும் சிமென்டும் சிவப்பு ஆக்சைடும். 1958-இல் எனக்கு எட்டு வயது, விடுமுறைக்கு வந்திருந்தேன். மேஸ்திரி கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றினார். சில நாள் கழித்து ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் மெல்ல நகர்ந்து முற்றத்தில் இறங்கி, ஜலதாரை வழியாகத் தெருவுக்குப் போனது. "தண்ணி தானா வழி தேடிப் போவணும் தம்பி, நாம தள்ளக் கூடாது" என்றார்.

இப்போது நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். 2011-இல் இடம் பற்றவில்லை என்று முன்கட்டு முற்றத்தை மேடாக்கி, மேலே கூரை போட்டுக் கூடத்தோடு சேர்த்தேன். ஜலதாரையை அடைத்தேன். "ஒரு நூல் கூட ஏற்றஇறக்கம் இருக்கக் கூடாது" என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து டைல்ஸ் பதிக்கச் சொன்னதும் நான்தான். விட்ரிஃபைட் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. கல்லில் குறையில்லை. போக வழியில்லாத தண்ணீர் இணைப்புகளில் இறங்கி அடியில் தங்கியது, மீதி மேலே நின்றது.

மகன் சொன்ன புதிய தரை, கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்த பலகை. ஒன்றோடொன்று கோத்துப் பொருத்துவது. தண்ணீர் பட்டாலும் உப்பாது. மேலே சிந்தியதைத் துடைத்துவிடலாம். மாடி அறைக்கு நல்லது. ஆனால் வெள்ளம் ஓரமாக நுழைந்து அடியில் புகுந்தால், பலகையைக் கழற்றாமல் காயாது. தெருவை ஒட்டிய தரைத்தளத்துக்கு அது வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். அவனும் ஒப்புக்கொண்டான்.

கடைசியில் செய்தது இதுதான். பின்கட்டுச் சிவப்புத் தரையைத் தொடவில்லை. முன்கூடத்தைப் பெயர்த்து, அடைத்த ஜலதாரையைத் திறந்து, வலை பொருத்திய வடிகால் வைத்தோம். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். சொரசொரப்பான மேட் டைல். வழுக்கலுக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு கணக்கு உண்டு, எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். கூடத்துக்கு ஆர் 10, குளியலறைக்கு ஆர் 11 எடுத்தோம். இணைப்புகளுக்கு எபாக்சி. குளியலறையில் டைல் பதிக்கும் முன்பே ஓதம் தடுக்கும் பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்துக் கசிவு பார்த்தோம்.

வேலை முடிந்த அன்று கொத்தனார் கணக்கு முடிக்க வந்தார். "ஐயா, ரசமட்டம் வெச்சுப் பாக்கறீங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேத்தியை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சுவரோரம் ஊற்றினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் குந்த முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தேன். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு நகர்ந்தது. கட்டுப் பிரித்த கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி, அது வடிகாலில் இறங்கும் வரை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.